இரண்டாம் பரிசுக் கடிகாரங்கள்

லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் யாரிடமும் மணி என்ன என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் ஆறு பதில் வரும். கூடத்தில் இரண்டு, சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் இரண்டு, குளியலறைக் கதவுக்கு மேலே ஒன்று என்று மொத்தம் ஆறு சுவர்க் கடிகாரங்கள். ஆறும் ஒரே அச்சு. வெள்ளை முகம், தங்கம் போலப் பாவனை காட்டும் பிளாஸ்டிக் விளிம்பு, முட்கள் சேரும் இடத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'இரண்டாம் பரிசு'. ஒன்று ஐந்து நிமிடம் முந்தும், ஒன்று கால் மணி பிந்தும், குளியலறைக் கடிகாரம் மட்டும் யாருக்கும் கட்டுப்படாது.

"இந்த வீட்ல எட்டு மணி ஆகி முடியறதுக்கே ஒன்பது ஆயிடுது" என்பாள் அவர் மனைவி.

ஆறையும் சம்பாதித்தது ஒரு குதிரை.

ரேஸ் புத்தகத்தில் அதற்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. வீட்டில் அதன் பெயர் சம்பந்தி. வைத்தது மெக்கானிக்கின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. வந்து இறங்கிய முதல் நாள் அந்தக் குதிரை தண்ணீர் வாளியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. விரித்திருந்த வைக்கோல் போதாது என்று முன்னங்காலால் தட்டிக் காட்டியது. குடும்பமே கையைப் பிசைந்துகொண்டு சுற்றி நின்றது.

"பையனைப் பெத்த சம்பந்தி மாதிரியே இருக்கு, மாமா" என்றான் மச்சான். "எதுல குறை கண்டுபிடிக்கலாம்னு பாக்குது."

குதிரை வந்த கதை ஒரு லிஃப்டில் ஆரம்பித்தது. அந்த ஊரில் முப்பத்திரண்டு லிஃப்டுகள். முப்பத்திரண்டுக்கும் அவர்தான் வைத்தியர். கம்பி வடத்துக்கு எண்ணெய் போடுவது, தண்டவாளம் துடைப்பது, எந்த மாடியிலும் நிற்காமல் ஓடுகிற லிஃப்டை நிற்க வைப்பது, எங்கேயும் ஓடாமல் நிற்கிற லிஃப்டை ஓட வைப்பது. நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கில் வாயை வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டேதான் வேலை செய்வார். பயத்தில் மூச்சு முட்டுகிறவர்களுக்குப் பேச்சுதான் காற்று என்பது அவருடைய கட்சி.

அன்று நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் ஐம்பது நிமிடம் மாட்டியவர் பெரிய ரேஸ் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். முதல் பத்து நிமிடம் திட்டினார். அடுத்த பத்து நிமிடம் கெஞ்சினார். மீதி அரை மணி குதிரைகளைப் பற்றிப் பேசினார். வெளியே இழுத்து ஏற்றியதும் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "எங்கிட்ட ஒண்ணு இருக்கு. பெரிய ரேசுக்கு லாயக்கில்லன்னு நிறுத்திட்டோம். வேகம் இருக்கு, ஆனா ஓடணும்னு அதுக்கே தோணணும். வேணும்னா கூட்டிட்டுப் போய் வெச்சுக்கங்க" என்றார்.

மெக்கானிக் "சரி" என்றார். அவர் வாழ்க்கையில் யோசிக்காமல் சொன்ன இரண்டாவது 'சரி' அது. முதலாவது கல்யாணத்துக்குச் சொன்னது.

அந்த முதலாவது சரியின் மறுபக்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் 'டீச்சர்'. மஞ்சள் காரின் கூரையில் பயிற்சிப் பலகையை மாட்டிக்கொண்டு, வலது கையில் வெயிலுக்கு முழங்கைக்கு மேல் வரும் நீல உறையை மாட்டிக்கொண்டு காலை முதல் மாலை வரை ஊரைச் சுற்றுவாள். வீட்டுக்குப் பின்னால் எட்டுப் போட்டுப் பழகுகிற மைதானம். மைதானத்து ஓரத்தில் ஒரு ஷெட். வாங்கப்போகிற இரண்டாவது காருக்காக அவள் ஆசை ஆசையாய்க் கூரை போட்ட ஷெட். இப்போது அதற்குள்ளிருந்து ஒரு நீளமான பழுப்பு முகம் அவளை மேலும் கீழும் பார்த்தது.

"எத்தனை நாளைக்கு?"

"மூணு சீசன் குடும்மா. அதுக்குள்ள ஜெயிச்சிடும்."

அவள் உள்ளே போய்ப் பள்ளியின் பெரிய பதிவேட்டை எடுத்துவந்தாள். பெயர் என்ற கட்டத்தில் 'சம்பந்தி' என்று எழுதினாள். பயிற்சிக் காலம்: மூன்று சீசன். "மூணாவது சீசன் கடைசி ரேசுக்குள்ள ஒரு தடவையாவது முதல்ல வரணும். வரலேன்னா ஷெட்டு எனக்கு, குதிரை பல் டாக்டர் வீட்டுக்கு. அவர் பிள்ளைங்க ஏறி விளையாடறதுக்கு ஒண்ணு தேடிட்டிருக்கார். கையெழுத்துப் போடுங்க."

போட்டார். 'முடிவு' என்ற கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

ஊருக்கு வெளியே ஒரு பழைய ஓடுபாதை. அங்கே வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தான் சீசன்; அப்போது மாதம் ஒரு ஞாயிறு அமெச்சூர் ரேஸ் நடக்கும். விதிகள் எளிமையானவை. குதிரை வீட்டில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் அதைத் தொழிலாகச் செய்கிறவராக இருக்கக் கூடாது. ஆகவே ஒரு பக்கம் பேக்கரிக்காரர் ஓட்டுவார், இன்னொரு பக்கம் கணக்கு வாத்தியார் ஓட்டுவார். சம்பந்திக்கு மச்சான். சலூன் வைத்திருந்த அவன் ஈரத் துண்டோடு ஏறி நின்றாலும் எடை ஐம்பத்திரண்டு கிலோ. எடை குறைந்தவர்கள் சேணத்தில் ஈயத் தகடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். மெக்கானிக் ஒவ்வொரு தகடாகத் தூக்கிப் பார்த்து, இரண்டு பக்கமும் சமமாக, லிஃப்டின் எதிர்எடையைத் தொங்கவிடுகிற பக்குவத்தில் கட்டுவார்.

"மாமா, நான் குதிரை மேல போறேனா, பத்தாவது மாடிக்குப் போறேனா?"

"பேசாம உக்காரு மாப்ள. பேசினா எடை கூடும்."

குதிரை வளர்ப்பது என்றால் ஓட்டம் மட்டும் இல்லை என்பது போகப் போகத் தெரிந்தது. முதல் சீசனில் குளம்பு சீழ் பிடித்து இரண்டு வாரம் வெந்நீர் வாளியில் கால் வைத்து நின்றது. வாளியைப் பிடித்துக்கொண்டு எதிரே முக்காலியில் அவர். இன்னொரு முறை டீச்சரின் மேசையில் இருந்த பதினோரு விண்ணப்பப் படிவங்களை ஜன்னல் வழியாகத் தின்றுவிட்டது. புகைப்படங்களை மட்டும் துப்பிவிட்டது.

இரண்டாம் சீசனில் ஒரு செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி வந்தது. குதிரைக்கு வயிற்றுவலி என்றால் உயிருக்கே ஆபத்து என்று கால்நடை மருத்துவர் சொல்லி, ஊசி போட்டு, "படுக்க விடாதீங்க, நடத்திக்கிட்டே இருங்க, சாணி போட்டா பொழைச்சுது" என்றார். அன்று மதியம் முழுவதும் மெக்கானிக் மைதானத்தில் அதை நடத்திக்கொண்டே இருந்தார். புதிதாகப் பழக வந்தவர்கள் அவர்களைச் சுற்றி எட்டுப் போட்டார்கள். ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தது. "படியில இறங்கச் சொல்லுங்க, இங்க என் ஆள் உயிருக்குப் போராடிட்டிருக்கான்" என்று வைத்துவிட்டார். மாலை ஐந்தே காலுக்குச் சம்பந்தி நின்றது, யோசித்தது, வாலைத் தூக்கியது. மெக்கானிக் உடனே பாடம் நடத்திக்கொண்டிருந்த மனைவிக்குப் போன் போட்டார்.

"போட்டாச்சும்மா."

"என்னது?"

"நல்லா உருண்டையா, ஏழு."

பிள்ளை பிறந்த செய்தி சொல்வது போல இருந்தது அவர் குரல். அவளும் ஒரு கணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்றும், பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பெண் "யாருக்கு டீச்சர்?" என்று கேட்டாள் என்றும் பிற்பாடு தெரியவந்தது.

பயிற்சி எப்படி நடந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், வினையே அங்கேதான். ரேஸ் குதிரைக்குத் துணைக் குதிரை வேண்டும், தனியாக ஓடினால் வேகம் வராது என்று சொன்னார்கள். இன்னொரு குதிரைக்கு எங்கே போவது? மெக்கானிக் மனைவியின் மஞ்சள் காரைப் பார்த்தார். மூடிப்போன தொழிற்சாலை ஒன்றின் முன்னால் ஆள் நடமாட்டம் இல்லாத ஒன்றரை கிலோமீட்டர் நேர்ச்சாலை இருந்தது. விடிந்ததும் அங்கே டீச்சர் காரை ஓட்டுவாள். மச்சான் குதிரையில் பின்னால் வருவான். மெக்கானிக் பின்சீட்டில் திரும்பி மண்டியிட்டு, பின்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, கையில் நேரம் பார்க்கும் கருவியோடு உட்கார்ந்திருப்பார்.

நாற்பதில் போனால் குதிரையும் நாற்பது. ஐம்பதில் போனால் ஐம்பது. பம்பருக்கும் மூக்குக்கும் நடுவில் எப்போதும் ஒரு கை தூரம். "பாரு மாப்ள, காரையே விட மாட்டேங்குது. குதிரைங்கல்லாம் இதுக்கு ஒரு பொருட்டா?" என்று தினமும் பூரித்தார். மூன்று வருடம் அந்த முகத்தை அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து, கல்யாண ஆல்பத்தைவிட அதுதான் மனத்தில் பதிந்திருந்தது.

முதல் ரேசில் இரண்டாவதாக வந்தபோது அவர் கால் தரையில் பாவவில்லை. கடிகாரத்தைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். ஒரு வாரம் லிஃப்டில் மாட்டியவர்கள் எல்லாரும் அந்த ரேசை ஆரம்பத்திலிருந்து கேட்க வேண்டியிருந்தது. "அண்ணே, கதை அப்புறம், முதல்ல கதவைத் திறங்க" என்று உள்ளேயிருந்து கதறினார்கள். இரண்டாவது ரேசிலும் இரண்டாவது. மூன்றாவதிலும். நான்காவதில், ஓட்டம் பாதியில் இருக்கும்போதே ஒலிபெருக்கிக்காரர், "இரண்டாவதாக வரப்போவது வழக்கம் போல..." என்று ஆரம்பித்துவிட்டார்.

பெரும்பாலும் முதலில் வந்தது பல் டாக்டரின் கறுப்புக் குதிரை. டாக்டரே ஓட்டுவார். அவர் குதிரையைப் பாதையின் நடு மத்தியில் ஓட்டுவதால் யாரும் தாண்டிப் போக வழி இருக்காது. கார் ஓட்டினாலும் அப்படித்தான். அந்தக் காரணத்துக்காகவே இருபது வருடத்துக்கு முன்னால் டீச்சர் அவரை இரண்டு முறை லைசென்ஸ் டெஸ்டுக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்தாள். இன்றைக்கும் அவளை எதிரில் பார்த்தால் அவர் முதுகு தானாக நிமிரும்.

மூன்றாம் சீசன் முடிய இரண்டு ரேஸ் மட்டுமே மீதி இருந்தபோது, அதுவரை ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்று ஒதுங்கியே இருந்த டீச்சர், "இன்னிக்கு நானும் வர்றேன், ஷெட்டு எப்ப காலியாகும்னு தெரியணுமில்ல" என்று கிளம்பினாள்.

தகரக் கூரைக்குக் கீழே கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். குதிரைகளை அடைத்திருந்த கதவு திறந்தது. சம்பந்தி வழக்கம் போலக் கடைசியில் கிளம்பி, ஒவ்வொருவராக ஒதுங்க ஒதுங்க மேலே வந்தது. எட்டாவது, ஐந்தாவது, மூன்றாவது. கூட்டம் எழுந்து நின்றது. மெக்கானிக் முன்னால் இருந்தவரின் தோளைப் பிசைந்தார். இரண்டாவது. டாக்டருடைய கறுப்புக் குதிரைக்குப் பின்னால் வந்ததும் சம்பந்திக்கு ஒரு நிம்மதி. காது தளர்ந்தது. கறுப்புக் குதிரை வேகம் கூட்டினால் கூட்டியது. கடைசியில் களைத்துப்போய்க் குறைத்தால் தானும் குறைத்தது. மூச்சுகூட வாங்காமல், ஒரு கை தூரம் பின்னால், கோட்டைத் தாண்டியது.

ஆறாவது கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வந்த கணவரை டீச்சர் உறுத்துப் பார்த்தாள்.

"என்னங்க, அது தோக்கல."

"பின்ன?"

"இடைவெளி விடுது. முன்னால போற வண்டிக்கும் நமக்கும் நடுவுல இடைவெளி. முன்னால இருக்கறவன் பிரேக் போட்டா நீயும் போடு. மூணு வருஷமா அது என் வண்டிக்குப் பின்னால படிச்ச பாடம் இதுதான். என்கிட்ட படிச்சவங்கள்ல இவ்வளவு சுத்தமா செஞ்சவங்க ஒருத்தரும் கிடையாது."

கடிகாரத்தோடு மெக்கானிக் அப்படியே படியில் உட்கார்ந்தார். மூன்று வருடம் பின்கண்ணாடியில் தான் பார்த்துப் பூரித்தது வேகத்தை இல்லை, மரியாதையை என்று இப்போதுதான் உறைத்தது. ஒரு நாளாவது அந்த முகம் கண்ணாடியை விட்டு விலகி, பக்கத்து ஜன்னலில் வந்திருக்கிறதா? ஒரு நாளும் இல்லை.

"எனக்கு எங்க தெரியும், நான் நேரம்தானே பாத்துட்டிருந்தேன்" என்றார் பரிதாபமாக.

"உனக்குத் தெரியலையாடா?" என்று டீச்சர் தம்பியைக் கேட்டாள்.

"அக்கா, நான் அது மேல கண்ணை மூடிக்கிட்டுதான் போவேன்."

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஷெட் ஒரு மாதத்தில் அவள் கைக்கு வந்திருக்கும். மெக்கானிக்குக்கு அது தெரியும். வீட்டுக்கு வந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டும் விட்டார்: "நீ ஏன் சொன்னே?"

"ஓவர்டேக் சொல்லித் தராம என் ஸ்கூல்லேர்ந்து யாரையும் வெளிய அனுப்பினது கிடையாது" என்றாள் அவள். "நாளைக்கு அஞ்சரைக்கு ரெடியா இருங்க."

மறுநாள் முதல் ஆரம்பித்த கூத்தை அந்தத் தொழிற்சாலைக் காவலாளி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். அவள் ஐம்பதிலிருந்து முப்பதுக்குக் குறைத்தாள்; குதிரையும் குறைத்தது. பத்துக்குக் குறைத்தாள், நடந்தது. நிறுத்தினாள், நின்றது. பத்து நிமிடம் நிறுத்தியே வைத்தாள். டிக்கியின் மேல் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. மெக்கானிக் சாலையின் வலப்பக்கம் முன்னால் போய், இரண்டு கையிலும் கேரட் வைத்துக்கொண்டு கூப்பிட்டார். சம்பந்தி கேரட்டைப் பார்த்தது, காரைப் பார்த்தது, அனுமதி இல்லை என்று நின்றுவிட்டது.

"மாமா, உங்களைவிட அதுக்கு அக்கா மேலதான் பயம்" என்றான் மச்சான்.

"எனக்கும்தான்."

ஐந்தாம் நாள் டீச்சருக்குப் பொறி தட்டியது. இண்டிகேட்டர் வந்த பிறகு எல்லாரும் மறந்துபோன கை சைகைகளை விடாமல் சொல்லிக்கொடுக்கிற ஒரே ஆள் அந்த ஊரில் அவள்தான். பின்னால் வருகிறவரை 'நீ தாண்டிப் போகலாம்' என்று அனுமதிக்கும் சைகை ஒன்று உண்டு. வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பின்னாலிருந்து முன்னால் மெதுவாக வீசிக் காட்ட வேண்டும். நீல உறை போட்ட கையை வெளியே நீட்டினாள். வீசினாள். முன்னால் கணவரின் கையில் சர்க்கரைக் கட்டி.

முதல் நாள் காது நிமிர்ந்தது. இரண்டாம் நாள் மூக்கு வலப்பக்கம் எட்டிப் பார்த்தது. மூன்றாம் நாள், டீச்சரின் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பழுப்புக் கண் வந்து, உண்மையாகத்தான் சொல்கிறாயா என்பது போல அவளைப் பார்த்தது. "போங்க, போங்க" என்றாள் அவள், தன்னை அறியாமல் மரியாதை போட்டு. குதிரை போயே போய்விட்டது. ஐம்பத்தைந்தில் விரட்டியும் கார் எட்டிப் பிடிக்கவில்லை. மெக்கானிக் சாலை நடுவில் சர்க்கரைக் கட்டியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு குதித்தார்.

குதித்து முடிந்ததும் அடுத்த கவலை. ரேசில் காருக்கு எங்கே போவது? சோதித்துப் பார்த்தார்கள். டீச்சர் சாலை ஓரத்தில் சும்மா நின்று கையை வீசினால் சம்பந்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைப் பொறுத்தவரை கை என்பது மஞ்சள் கதவின் ஜன்னலிலிருந்து வருவது. கதவில்லாமல் வரும் கை வெறும் கை. ஓடுபாதை வேலிக்குப் பக்கத்தில் வண்டி எதுவும் நிற்கக் கூடாது என்பதோ விதி.

கடைசி ரேஸ் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம், ஓடுபாதைக்கு வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில், லிஃப்ட் மெக்கானிக் தன் பையிலிருந்து ஸ்பானரை எடுத்து, பத்து நிமிடத்தில் மஞ்சள் காரின் வலது முன்கதவைக் கழற்றினார். தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். பின்னால் முக்காலியும் நீல உறையுமாக டீச்சர்.

வாசலில் காவல்காரர் நிறுத்தினார். "என்ன சார் இது?"

"கதவு."

"அது தெரியுது. எதுக்கு?"

"வெயிலுக்கு. ஜன்னலை இறக்கிக்கிட்டா காத்தும் வரும்."

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வண்டி கூடாது என்று இருந்தது. கதவு கூடாது என்று இல்லை.

பாதை கடைசியாக வளைந்து நேராகிற இடம்தான் டீச்சர் தேர்ந்தெடுத்தது. வளைவிலிருந்து வெளிவரும் குதிரைகளுக்கு அந்த வேலி நேர் எதிரே தெரியும். முக்காலியைப் போட்டு, ஓடுபாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கூட்டம் மொத்தமும் ஒரு பக்கம் பார்க்க, அவள் மட்டும் மறுபக்கம். வலப்பக்கம் மெக்கானிக் கதவை நிறுத்திப் பிடித்துக்கொண்டார். கதவோடு கண்ணாடியும் இருந்தது. அதை ஒரு விரலால் சரிசெய்துகொண்டு, "பின்னால எல்லாம் நல்லாத் தெரியுது" என்றாள்.

மெக்கானிக்கின் கையில் கதவு ஆடியது. ஷெட்டின் கொக்கியில் தொங்கும் வாளி, காலையில் கதவைத் தட்டும் குளம்பு, கழுத்தில் கன்னத்தை வைத்தால் வரும் அந்தச் சூடு, எல்லாம் இன்னும் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடலாம். டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் குளம்பை எப்படித் துடைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியுமா?

"கதவை ஆட்டாதீங்க. வண்டி ஓடிட்டிருக்கு" என்றாள் டீச்சர்.

கிளம்பிவிட்டன. எதிர்ப்பக்கம் புழுதிதான் தெரிந்தது. ஒலிபெருக்கி கத்தியது. சம்பந்தி கடைசி. பேக்கரிக்காரர் விழுந்துவிட்டார், எழுந்தும்விட்டார். சம்பந்தி ஆறாவது. நான்காவது. வளைவில் இரண்டாவது. "வழக்கம் போல" என்றது ஒலிபெருக்கி. வளைந்து வெளியே வந்தார்கள். டாக்டர் நடுப்பாதையில், ஒரு கை தூரம் பின்னால் சம்பந்தி, அதன் மேல் கண்ணை இறுக மூடியபடி மச்சான்.

டீச்சர் கண்ணாடியைப் பார்த்தாள். அவசரப்படவில்லை. எதிர்ப்பக்கம் காலியா என்றுகூடப் பார்த்தாள், பழக்க தோஷம். பிறகு நீல உறைக் கையை மஞ்சள் கதவின் ஜன்னல் வழியே நீட்டி, பின்னாலிருந்து முன்னால், நிதானமாக வீசினாள்.

சம்பந்தியின் காது நிமிர்ந்தது. ஆனால் அந்தக் கை வேலை செய்தது அதனிடம் மட்டும் இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் அதே பள்ளியின் பெயர் எழுதிய அதே மஞ்சள் நிறக் காரில் உட்கார்ந்து, 'நடுவுல ஓட்டாதீங்க, இடது பக்கம் ஒதுங்குங்க' என்று ஆறு மாதம் திட்டு வாங்கிய பல் டாக்டரின் முதுகு சடக்கென்று நிமிர்ந்தது. கை தானாகக் கடிவாளத்தை இடப்பக்கம் இழுத்தது. கறுப்புக் குதிரை ஒழுக்கமாக ஓரம் கட்டியது.

வலப்பக்கம் பாதை வாசல் மாதிரித் திறந்தது. சம்பந்தி போனது. காற்றில் கதவு மெக்கானிக்கின் மார்பில் மோதியது. ஒரு குதிரை நீளம், இரண்டு, மூன்று. ஒலிபெருக்கிக்காரர், "வழக்கத்துக்கு மாறாக..." என்று கத்தினார். மெக்கானிக் கதவைக் கீழே போடவில்லை. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

கோட்டைத் தாண்டியும் குதிரை நிற்கவில்லை. முன்னால் யாரும் இல்லாமல் ஓடி அதற்குப் பழக்கமில்லை. எங்கே நிற்பது என்று யாரைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? இன்னொரு முழு வட்டம் ஓடியது. மச்சான் கண்ணைத் திறந்து, "ஜெயிச்சாச்சா மாமா?" என்று கேட்டுக்கொண்டே கடந்து போனான். கடைசியில் வெளிவாசல் அருகே நின்றிருந்த ஆம்புலன்சைப் பார்த்ததும் அதன் முகத்தில் நிம்மதி வந்தது. அதன் பின்னால், சரியாக ஒரு கை தூரம் விட்டு, நின்றது.

ரேஸ் குழுச் செயலாளர் எல்லாரையும் கூப்பிட்டார். "வேலிக்கிட்டேர்ந்து நீங்க கை காட்டினீங்கன்னு சொல்றாங்க."

"ஐந்நூறு பேர் கை காட்டினாங்க சார்" என்றாள் டீச்சர். "நான் மட்டும்தான் முறையா காட்டினேன்."

செயலாளர் பல் டாக்டர் பக்கம் திரும்பினார். "டாக்டர், உங்களுக்குப் புகார் ஏதாவது?"

டாக்டர் டீச்சரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "இல்ல சார். தப்பு என்னோடதுதான். நடுவுல ஓட்டிட்டேன்."

"இப்பவாவது தெரிஞ்சுதே" என்றாள் டீச்சர்.

மெக்கானிக்குக்குக் கோப்பை. உள்ளங்கை அளவுதான், ஒரு காது கொஞ்சம் கோணல். டாக்டருக்குச் சுவர்க் கடிகாரம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சரியா ஓடுமாண்ணே?" என்று கேட்டார்.

"குளியலறைல மாட்டுங்க டாக்டர். அங்க யாரும் கேக்க மாட்டாங்க."

திரும்பி வரும்போது கதவை மாட்ட நேரமில்லை. பின்சீட்டில் படுக்க வைத்துவிட்டு, திறந்த பக்கத்தில் டீச்சர் ஓட்ட, மெக்கானிக் மடியில் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். கோப்பையின் கோணல் காதை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப ஷெட்டு?"

"காரை வெளியவே நிறுத்திக்கலாம். கதவுகூட இல்லாத வண்டி, யார் எடுத்துட்டுப் போகப் போறாங்க."

"பதிவேட்ல?"

"முதல்ல வீட்டுக்குப் போய்ச் சேருவோம். டெஸ்ட் இன்னும் முடியல."

அவர் பழக்கத்தில் பின்கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். அந்த நீளமான பழுப்பு முகம், ஒரு கை தூரம் விட்டு, மச்சானைச் சுமந்துகொண்டு வந்துகொண்டிருந்தது. டீச்சரும் கண்ணாடியில் பார்த்தாள். எதிரே சாலை காலியாக இருந்தது. நீல உறைக் கையை நீட்டி, பின்னாலிருந்து முன்னால் வீசினாள்.

சம்பந்தி வலப்பக்கம் எடுத்து, காரைத் தாண்டி, தன் வீட்டுக்குத் தானே வழிகாட்டிக்கொண்டு முன்னால் போனது. அதன் வால் இடமும் வலமும் ஆடியது. டீச்சர் ஆக்சிலேட்டரை அழுத்தப் போனாள்.

"ஒட்டிப் போகாதே" என்றார் மெக்கானிக், கோப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு. "இடைவெளி விட்டு ஓட்டு."